எண்ணிவிட்டுத் தேடுங்கள்: ஓஇஐஎஸ் தளம் பற்றி மண்டபத்திலிருந்து ஒரு மதிப்புரை

சில எண்களைத் தட்டினால், அவை எந்தக் கணக்கிலிருந்து வருகின்றன என்று சொல்லும் தளம் ஒன்று இருக்கிறது. பெயர் ஓஇஐஎஸ். முழு எண் தொடர்முறைகளின் இணையக் கலைக்களஞ்சியம். முகவரி, ஓஇஐஎஸ் டாட் ஓஆர்ஜி. பதினொன்றாம் வகுப்புக் கணக்கு நடத்துகிறவர்களும் படிக்கிறவர்களும் இதைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஆனால் இதைப் பயன்படுத்த ஒரு முறை உண்டு. அந்த முறை தெரியாவிட்டால் இது வெறும் விடைப் புத்தகமாகிவிடும். அதனால்தான் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

நான் ராமநாதபுரம் மாவட்டத்துக் கடலோர ஊரான மண்டபத்தில் வீட்டிலேயே சாயங்கால டியூஷன் எடுக்கிறேன். வருகிற பிள்ளைகளில் பாதிக்கு மேல் கடல்தொழில் வீட்டுப் பிள்ளைகள், தமிழ்வழியில் படிப்பவர்கள். பள்ளிப் புத்தகத்துக்கு வெளியே கணக்கு என்று ஒன்று இருப்பதைக் காட்ட எங்கள் பக்கம் வசதி குறைவு. கணித இதழ்கள் வாங்கும் நூலகத்துக்கு மதுரைக்குத்தான் போக வேண்டும். அந்த இடத்தைத்தான் எனக்கு இந்தத் தளம் நிரப்புகிறது. தளத்தில் இல்லாத தலைப்பே இல்லை, பகா எண் முதல் சதுரங்கம் வரை. நான் சொல்லப்போவது ஈருறுப்புக் கெழுக்களிலிருந்து, அதாவது இத்தனை பொருளில் இத்தனையை எத்தனை வழியில் தேர்ந்தெடுக்கலாம் என்று சொல்லும் எண்களிலிருந்து, பிறக்கும் தொடர்முறைகளைப் பற்றி மட்டும். என் பிள்ளைகளோடு நான் புழங்கியது அந்தப் பகுதியில்தான்.

தளத்தின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1964-இல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவராக இருந்த நீல் ஸ்லோன், தன் ஆராய்ச்சியில் வந்த ஒரு எண் வரிசை ஏற்கெனவே யாருக்காவது தெரிந்ததுதானா என்று தேடினார். தேடிப் பார்க்க ஓர் இடம் இல்லை. அதனால் தானே அட்டைகளில் எழுதிச் சேர்க்கத் தொடங்கினார். 1973-இல் அது 2,372 தொடர்முறைகளோடு புத்தகமானது. 1995-இல் சைமன் ப்ளூஃப் என்பவரோடு சேர்ந்து கொண்டுவந்த அடுத்த புத்தகத்தில் ஏறத்தாழ 5,500. மறு வருஷமே, 1996-இல், இணையத்துக்கு வந்துவிட்டது. இன்று மூன்றரை லட்சத்துக்கும் மேல். 2009 முதல் லாப நோக்கமில்லாத ஓர் அறக்கட்டளை நடத்துகிறது. உலகம் முழுவதுமிருந்து தன்னார்வலர்கள் எழுதுகிறார்கள், தன்னார்வலர்களே சரிபார்க்கிறார்கள். பார்க்கவும் தேடவும் காசு இல்லை, விளம்பரம் இல்லை, உள்நுழைவு இல்லை.

ஒவ்வொரு தொடர்முறைக்கும் 'ஏ' என்ற எழுத்தும் ஆறு இலக்கமும் கொண்ட ஒரு நிரந்தர எண் உண்டு. ஈருறுப்புக் கெழுக்களை வரிவரியாக அடுக்கிய பாஸ்கல் முக்கோணம் ஏ007318. அதன் நட்டநடுவில் வரும் 1, 2, 6, 20, 70, 252 ஏ000984. நம் ஊர் சர்வே நம்பர் மாதிரி, பெயர் மாறினாலும் இந்த எண் மாறாது. என் பிள்ளைகள் நோட்டின் ஓரத்தில் இந்த எண்களைக் குறித்துவைத்துக்கொள்கிறார்கள்.

இனி, இதை ஏன் இவ்வளவு தூக்கிவைத்துப் பேசுகிறேன் என்பதற்கு வருகிறேன்.

பாக் நீரிணைப் பக்கம் விசைப்படகும் நாட்டுப்படகும் நாள் பிரித்துக்கொண்டு கடலுக்குப் போவது பல வருஷப் பழக்கம். விசைப்படகுக்கு வாரத்தில் மூன்று நாள், மற்ற நாலு நாளும் நாட்டுப்படகுக்கு. எங்களிடம் விசைப்படகின் நாள்கள் திங்கள், புதன், சனி. இதில் அடுத்தடுத்த நாள் எதுவும் இல்லை என்பதைக் கவனியுங்கள். சேர்வுகள் பாடம் நடத்தும்போது இதையே கேள்வியாக்கினேன். வாரத்தின் 7 நாளில் 3 நாளைத் தேர்ந்தெடுக்க 35 வழி. அடுத்தடுத்து எந்த இரண்டு நாளும் வராமல் தேர்ந்தெடுக்க எத்தனை வழி?

பிள்ளைகள் பெரும்பாலும் 10 என்றார்கள். வரிசையாக நிற்கும் 7 பொருளில் பக்கத்துப் பக்கத்தில் இல்லாத 3-ஐ எடுப்பது, 5 பொருளில் 3-ஐ எடுப்பதற்குச் சமம், அது 10. புத்தகத்தில் உள்ள முறைதான், அதில் தவறில்லை. ஆனால் வாரம் நேர்க்கோடு அல்ல. சனிக்கு அடுத்தது ஞாயிறு. ஞாயிறில் தொடங்கி சனியில் முடிகிற அந்த 10-இல் ஞாயிறும் சனியும் சேர்ந்து வருபவை மூன்று. நடுவில் செவ்வாயோ புதனோ வியாழனோ சேர்ந்திருக்கும். அவற்றைக் கழித்தால் 7.

சரி, 7 என்று வந்துவிட்டது. அதோடு விட்டிருந்தால் ஒரு கணக்கு, ஒரு விடை. எத்தனை நாள் போவது என்ற கட்டுப்பாட்டை எடுத்துவிட்டுக் கேட்டேன். எந்த நாளும் போகாமல் இருக்கலாம், ஒரு நாள் போகலாம், இரண்டு நாள், மூன்று நாள். அடுத்தடுத்த நாள் மட்டும் கூடாது. மொத்தம் எத்தனை வழி? 1, 7, 14, 7. கூட்டினால் 29. வாரத்துக்கு ஆறே நாள் என்று வைத்துக்கொண்டால் 1, 6, 9, 2, மொத்தம் 18. ஐந்து நாள் வாரம் என்றால் 11. நாலு நாளுக்கு 7. மூன்றுக்கு 4, இரண்டுக்கு 3. எல்லாவற்றையும் பிள்ளைகள் வட்டம் போட்டுப் புள்ளிவைத்து விரலால் தொட்டுத்தான் எண்ணினார்கள். வாய்ப்பாடு எதுவும் நான் கொடுக்கவில்லை.

பிறகுதான் என் கைபேசியை எடுத்து, தேடல் பெட்டியில் 3, 4, 7, 11, 18, 29 என்று ஒரு பெண்ணைத் தட்டச் சொன்னேன். வந்தது லூகாஸ் எண்கள். ஒவ்வொரு எண்ணும் முந்தைய இரண்டின் கூட்டல். 3-உம் 4-உம் 7, 4-உம் 7-உம் 11. அதுவரை அந்த அறையில் யாரும் இதைக் கவனிக்கவில்லை. தாங்களே எண்ணிய எண்களுக்குள் இப்படி ஓர் ஒழுங்கு ஒளிந்திருந்ததைப் பார்த்ததும் ஒரு பையன், "டீச்சர், அப்ப எட்டு நாள் வாரத்துக்கு 47-ஆ?" என்று கேட்டான். எண்ணிப் பார், என்றேன். எண்ணினான். 1, 8, 20, 16, 2. கூட்டினால் 47.

அந்தப் பக்கத்தின் கீழே தொடர்புடைய பிற தொடர்முறைகளின் சுட்டிகள் இருக்கும். இந்தத் தளத்தின் உயிரே அந்தப் பகுதிதான் என்று நினைக்கிறேன். அங்கிருந்து போனால் ஏ034807 என்ற முக்கோணம். அதில் எங்கள் 1, 7, 14, 7 ஒரு வரியாக அப்படியே உட்கார்ந்திருக்கிறது. வாரத்தை வட்டமாக்காமல் நேர்க்கோடாகவே வைத்திருந்தால் 1, 7, 15, 10, 1, மொத்தம் 34. அது ஃபிபொனாச்சி எண், 1, 1, 2, 3, 5 என்று முந்தைய இரண்டைக் கூட்டிக்கொண்டே போகும் வரிசையில் வருவது. அந்த வரி வரும் முக்கோணம் ஏ011973, முழுக்க முழுக்க பாஸ்கல் முக்கோணத்தின் சாய்வு வரிகள். கோட்டுக்கு ஃபிபொனாச்சி, வட்டத்துக்கு லூகாஸ். 34-க்கும் 29-க்கும் உள்ள வித்தியாசம் 5, சனியும் ஞாயிறும் சேர்ந்து வருகிற வழிகள். ஆக, பதினொன்றாம் வகுப்புப் புத்தகத்தில் ஒரே பாடத்துக்குள் அக்கம்பக்கமாகக் கிடக்கிற ஈருறுப்புத் தேற்றமும் தொடர்முறைகளும் உண்மையில் ஒன்றோடொன்று பேசிக்கொள்கிறவை என்பதைப் பிள்ளைகள் கண்ணால் பார்த்தார்கள்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது தளம் சொல்லாத ஒரு விஷயம். இது நடந்தது மீன்பிடித் தடைக்காலத்தில். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கரையில்தான் நிற்கும். அந்தப் பையனின் அப்பா படகில் போகிறவர். அப்போது வீட்டிலிருந்ததால் மகனைக் கூப்பிட வந்து, வட்டத்தையும் புள்ளிகளையும் பார்த்துவிட்டு நின்றார். "என்னப்பா, எங்க தொழில் நாளையெல்லாம் போட்டு வச்சிருக்கீங்க" என்றார். விஷயத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "இதுல என்ன டீச்சர், திங்க புதன் சனிய ஒவ்வொரு நாளாத் தள்ளிவிட்டுக்கிட்டே போனா ஏழும் வந்துருமே. செவ்வா வியாழன் ஞாயிறு, புதன் வெள்ளி திங்க..." என்று விரலை மடக்கிக்கொண்டே போனார். "ஆமாண்ணே, அவ்வளவுதான்" என்றேன். இடைவெளிகள் 2, 3, 2. மூன்று இடைவெளியும் சேர்ந்து 7 ஆக வேண்டும், ஒவ்வொன்றும் 2-க்குக் குறையக் கூடாது என்றால் ஒரே ஒரு இடைவெளிதான் 3 ஆக முடியும். அதாவது அடிப்படையில் வழி ஒன்றே ஒன்றுதான், மற்றதெல்லாம் அதன் சுழற்சி. கரையில் புழங்குகிற ஏற்பாடு அந்த ஒரே வழிதான். வாய்ப்பாட்டில் 7-ஐ 4-ஆல் வகுத்து, 4-இல் 3-ஐத் தேர்ந்தெடுக்கும் வழிகளால் பெருக்குவதைவிட அந்த அண்ணன் சொன்ன காரணம் தெளிவானது. அவர் மகனுக்கு அது இனி மறக்காது.

அடுத்ததாக, 'அடுத்த எண் என்ன' என்ற வகைக் கேள்விகள். போட்டித் தேர்வுக்குப் படிக்கும் அண்ணன் அக்காமார்களும் என்னிடம் வருவதுண்டு. 1, 2, 4, 8, 16, அடுத்து? யாரைக் கேட்டாலும் 32. ஒரு வட்டத்தின் மேல் புள்ளிகள் வைத்து, எல்லாப் புள்ளிகளையும் கோடுகளால் இணைத்து, வட்டம் அதிகபட்சம் எத்தனைத் துண்டாகிறது என்று எண்ணுங்கள். ஒரு புள்ளிக்கு 1, பிறகு 2, 4, 8, ஐந்து புள்ளிக்கு 16. ஆறு புள்ளிக்கு 31. 32 வராது. எத்தனை முறை எண்ணினாலும் 31-தான். 6 புள்ளியில் 4-ஐத் தேர்ந்தெடுக்கும் வழி 15, இரண்டைத் தேர்ந்தெடுக்கும் வழி 15, அதோடு 1. இது ஏ000127.

இங்கேதான் தளத்தின் நேர்மை தெரிகிறது. 1, 2, 4, 8, 16, 31 என்று தட்டினால் ஒரே விடையைக் காட்டி நிறுத்திவிடாது. வட்டத் துண்டுகள் வரும், அதில் அடுத்தது 57. முந்தைய ஐந்து எண்களைக் கூட்டிக்கொண்டே போகும் இன்னொரு தொடர்முறையும் வரும், அதில் அடுத்தது 61. ஆறு எண் கொடுத்தும்கூட ஏழாவது எண் தீர்மானமாகவில்லை! தேர்வில் ஒரு மதிப்பெண்ணுக்காக 'அடுத்த எண்' எழுதிப் பழகிய பிள்ளைக்கு, காரணம் தெரியாமல் அடுத்த எண்ணைச் சொல்ல முடியாது என்பதை இதைவிட நன்றாகக் காட்டும் வழி எனக்குத் தெரியவில்லை. வட்டத் துண்டுகளில் பத்தாவது புள்ளிக்கு மறுபடியும் 256 என்று 2-இன் அடுக்கு ஒன்று வந்து நிற்கும். அதைப் பார்த்துப் பிள்ளைகள் போட்ட கூச்சல் தெருவரை கேட்டிருக்கும்.

பாஸ்கல் முக்கோணத்தின் பக்கம் தனி உலகம். (நம் நாட்டில் பிங்கலரின் யாப்பு நூலுக்குப் பத்தாம் நூற்றாண்டில் உரை எழுதிய ஹலாயுதர் இதை மேருப் பிரஸ்தாரம் என்று விளக்கியிருக்கிறார். பாஸ்கலின் நூல் அச்சானது 1665-இல். வகுப்பில் இதைச் சொல்லாமல் நான் நகர்வதில்லை.) அந்தப் பக்கத்திலிருந்து கிளம்பினால் எந்த எண் முக்கோணத்தில் எத்தனை முறை வருகிறது என்ற தொடர்முறைக்குப் போகலாம், ஏ003016. பெரும்பாலான எண்கள் இரண்டு முறைதான் வரும். 3003 எட்டு முறை வருகிறது. 3003-இல் 1, 78-இல் 2, 15-இல் 5, 14-இல் 6, அவற்றின் எதிரொளிகள் நான்கு. எட்டு முறை வருவதாகத் தெரிந்திருக்கும் எண் இது ஒன்றுதான். 1-ஐத் தவிர எந்த எண்ணும் ஒரு குறிப்பிட்ட எல்லைக்கு மேல் திரும்ப வராது என்று 1971-இல் கணித அறிஞர் டேவிட் சிங்மாஸ்டர் சொன்ன ஊகம் இன்றுவரை நிரூபிக்கப்படவில்லை. பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைக்குப் புரிகிற கேள்வி, ஆனால் உலகத்தில் யாருக்கும் விடை தெரியாது. இப்படி ஒன்று இருக்கிறது என்று தெரிவதே பெரிய விஷயம்.

அதே 14-ஆவது வரியில் (உச்சியில் தனியாக நிற்கும் 1-ஐ 0-ஆவது வரி என்று வைத்து எண்ண வேண்டும்) 1001, 2002, 3003 அடுத்தடுத்து நிற்கின்றன. 1:2:3. 'அடுத்தடுத்த மூன்று கெழுக்கள் இந்த விகிதத்தில் இருந்தால் அடுக்கைக் காண்க' என்று எல்லாப் பயிற்சிப் புத்தகத்திலும் ஒரு கணக்கு இருக்குமே, அதைப் போட்டுப் பார்த்தால் இந்த விகிதத்துக்கு முக்கோணம் முழுவதிலும் இந்த ஓரிடம்தான் விடை என்று வந்துவிடும்.

சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்கு நான் வைத்திருப்பது வேறு வேலை. சார்ட் பேப்பரில் முக்கோணத்தை எழுதி, ஒற்றைப்படை எண்களுக்கு மட்டும் வண்ணம் அடிக்கச் சொல்வேன். முக்கோணத்துக்குள் முக்கோணமாக ஓட்டைகள் விழுந்த ஓர் உருவம் வரும். ஒவ்வொரு வரியிலும் எத்தனை ஒற்றைப்படை என்று எண்ணினால் 1, 2, 2, 4, 2, 4, 4, 8. இது ஏ001316. எல்லாமே 2-இன் அடுக்குகள். வரி எண்ணை இரும எண்ணாக எழுதி, அதில் எத்தனை 1 இருக்கிறதோ அத்தனை முறை 2-ஐப் பெருக்கினால் இந்த எண் வந்துவிடும். 14 என்பது இரும முறையில் 1110, மூன்று ஒன்றுகள், ஆகவே 14-ஆவது வரியில் 8 ஒற்றைப்படை எண்கள். ஏழாவது வரி 1, 7, 21, 35, 35, 21, 7, 1, அத்தனையும் ஒற்றைப்படை. மன்னார் வளைகுடா கடல் தேசியப் பூங்காவின் தீவுகள் 21, அதில் மண்டபம் தொகுப்பில் 7, கீழக்கரைத் தொகுப்பில் 7 என்பதால் இந்த வரி மட்டும் எங்கள் பிள்ளைகளுக்குச் சட்டென்று மனப்பாடமாகிவிட்டது.

கேட்டலான் எண்களின் பக்கம், ஏ000108, தளத்திலேயே அநேகமாக நீளமான பதிவு இதுதான் என்று அதிலேயே எழுதியிருக்கிறார்கள். 1, 1, 2, 5, 14, 42, 132. நான் நடத்துவது இப்படி. மார்க்கெட்டில் மீன் வெட்டிக் கொடுக்கும் அக்காவுக்கு ஆளுக்கு 50 ரூபாய் கூலி என்று வைத்துக்கொள்வோம். காலையில் அவரிடம் சில்லறையே இல்லை. ஆறு பேர் வரிசையில், மூன்று பேரிடம் 50 ரூபாய்த் தாள், மூன்று பேரிடம் 100 ரூபாய்த் தாள். தாள்களை மட்டும் கணக்கில் எடுத்தால் 20 விதமாக வரிசை அமையலாம். சில்லறைக்குத் தடங்கலே வராத வரிசைகள் எத்தனை? எண்ணினால் 5. எட்டுப் பேர் என்றால் 70-இல் 14. இரண்டு பேர் என்றால் 2-இல் 1, நாலு பேர் என்றால் 6-இல் 2. பங்கு பாருங்கள்: இரண்டில் ஒன்று, மூன்றில் ஒன்று, நாலில் ஒன்று, ஐந்தில் ஒன்று. முக்கோணத்தின் நட்டநடுவில் வரும் நடு ஈருறுப்புக் கெழுவை, 50 ரூபாய்த் தாள்களின் எண்ணிக்கையைவிட ஒன்று கூடுதலான எண்ணால் வகுத்தால் கேட்டலான் எண். அந்த நீளமான பக்கத்தில் அடைப்புக்குறிகளைச் சரியாகப் பூட்டும் வழிகள், பலகோணத்தை முக்கோணங்களாக வெட்டும் வழிகள் என்று அதே எண்கள் வேறு வேறு வேஷத்தில் வந்துகொண்டே இருக்கும். எல்லாவற்றையும் படிக்க வேண்டியதில்லை. ஏதாவது ஒன்றை எடுத்து, அதுவும் மீன் கடை வரிசையும் ஏன் ஒன்றே என்று யோசித்தால் ஒரு சாயங்காலம் போதாது.

ராமானுஜனையும் சொல்லிவிடுகிறேன். பாம்பன் ரயில் பாலம் திறந்தது 1914 பிப்ரவரியில். மறு மாதம் ராமானுஜன் சென்னையிலிருந்து கப்பல் ஏறினார். அதே வருஷம் வெளியான அவர் கட்டுரையில் பை எண்ணுக்கான தொடர்கள் உண்டு. அவற்றில் ஒன்று நடு ஈருறுப்புக் கெழுக்களின் கனங்களால் ஆனது. 1, 8, 216, 8000 என்ற அந்தக் கனங்களுக்குத் தளத்தில் தனிப் பக்கமே இருக்கிறது, ஏ002897. முதல் உறுப்பு 5/16. இரண்டாவது 47-ஐ 8-ஆல் பெருக்கி 65,536-ஆல் வகுப்பது. மூன்றாவது 89-ஐ 216-ஆல் பெருக்கி 26,84,35,456-ஆல் வகுப்பது. 5, 47, 89 என்று 42 கூடிக்கொண்டே போகும், பகுதி ஒவ்வொரு முறையும் 4,096 மடங்காகும். இந்த மூன்றை மட்டும் கூட்டித் தலைகீழாக்கினால் 3.1416. கால்குலேட்டரில் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். எங்கள் ஊர்ப் பிள்ளைகள் அன்று ஆளாளுக்குத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தார்கள்.

இனி குறைகள். முதல் குறை மொழி. தொடர்முறைப் பக்கங்கள் ஆங்கிலத்தில் இருக்கின்றன, அதுவும் கணிதக்காரர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் சுருக்கமான ஆங்கிலம். தமிழ்வழிப் பிள்ளையைத் தனியாக விட்டால் திரும்பி வந்துவிடும். பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து, 'இந்த வரி வாய்ப்பாடு, இந்த வரி எடுத்துக்காட்டு' என்று காட்டிக்கொடுக்க வேண்டும். எண்கள் பொது மொழி என்பதால் எடுத்துக்காட்டுப் பகுதி மட்டும் ஓரளவு தானாகப் புரியும். நான் அங்கிருந்துதான் தொடங்குவேன்.

இரண்டாவது, வாய்ப்பாடுகள் எழுதியிருக்கும் விதம். புத்தகத்தில் இருப்பதுபோல மேலும் கீழுமாக அழகாக இருக்காது, எல்லாம் ஒரே வரியில் தட்டச்சு எழுத்தாகக் கிடக்கும். அடுக்குக்குத் தொப்பிக் குறி, பெருக்கலுக்கு நட்சத்திரக் குறி. ஒரு தாளில் நம் முறைப்படி திருப்பி எழுதிக்கொண்டால்தான் கண்ணுக்குப் பிடிபடும். இந்தச் சிக்கனத்தால் ஒரு லாபமும் உண்டு. பெரும்பாலும் வெறும் எழுத்துதான் என்பதால் சிக்னல் மங்கலாக இருக்கும் இடத்திலும் பக்கம் திறந்துவிடும். எங்கள் தெருவில் மழைக்காற்று நாளில் காணொளிப் பாடம் எதுவும் ஓடாது, இது ஓடும்.

மூன்றாவது, தொடர்முறை 0-இலிருந்து தொடங்குகிறதா 1-இலிருந்தா என்பது பக்கத்துக்குப் பக்கம் மாறும். முதல் உறுப்பு எந்த எண்ணுக்கு உரியது என்று ஒவ்வொரு பக்கத்திலும் குறித்திருப்பார்கள். அதைப் பார்க்காமல் வாய்ப்பாட்டை எடுத்தால் ஒரு படி தள்ளிப்போய்விடும். சுட்டிகளில் இருக்கும் ஆய்வுக் கட்டுரைகளில் பல பணம் கட்டினால்தான் திறக்கும் இதழ்களில் இருக்கின்றன, அதற்குத் தளம் பொறுப்பல்ல. நிரல்கள் காசு கொடுத்து வாங்கும் மென்பொருள்களிலும் இருக்கின்றன, ஆனால் பாரி, பைத்தான் போன்ற இலவச மொழிகளிலும் நிறையவே எழுதி வைத்திருக்கிறார்கள். கணினி அறிவியல் எடுத்த பிள்ளைகளுக்கு அது நல்ல பயிற்சி.

எண்களைப் பியானோ இசையாக்கிக் கேட்கும் வசதி ஒன்றும் உண்டு. 88 கட்டைகள் என்பதால் 88-ஆல் வகுத்த மீதிதான் ஸ்வரம். கணக்குக்கு அதனால் பெரிய பயன் இல்லை. ஆனால் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மீதி என்றால் என்ன என்று சொல்லிக்கொடுக்க நான் பயன்படுத்தியிருக்கிறேன்.

ஒன்பதாம் வகுப்புக்குக் கீழே உள்ளவர்களிடம் தளத்தை நேராகக் கொடுக்க வேண்டாம். பதினொன்றுக்கு மேல் கட்டாயம் கொடுங்கள். தேடும்போது ஐந்தாறு எண்களாவது கொடுக்க வேண்டும், தொடக்கத்தில் வரும் 1-ஐயும் 0-ஐயும் விட்டுவிடுவது நல்லது. 1, 2, 4, 8 என்று மட்டும் தட்டினால் படிக்க முடியாத அளவுக்கு முடிவுகள் வந்து குவியும். முக்கியமானது, தேடல் பெட்டியில் போடும் எண்கள் உங்கள் கையால் எண்ணியவையாக இருக்கட்டும். கையால் எண்ணி வந்தவனுக்கு அந்தப் பக்கத்தின் ஒவ்வொரு வரியும் தன் கணக்கைப் பற்றிப் பேசும். விடைக்காக மட்டும் வந்தவனுக்கு அது வெறும் எண் பட்டியல்.

தொடங்குவதற்கு ஒன்று தருகிறேன். 1 ஆளில் 1 ஆள், 3 பேரில் 2 பேர், 5 பேரில் 3 பேர், 7 பேரில் 4 பேர் என்று பாதிக்குச் சற்று மேலாகத் தேர்ந்தெடுக்கும் வழிகளை எண்ணுங்கள். 1, 3, 10, 35 என்று வரும். 9 பேரில் 5 பேர், 11 பேரில் 6 பேர் இரண்டையும் நீங்களே கண்டுபிடித்து, ஒவ்வொன்றையும் இரண்டால் பெருக்கிப் பார்த்துவிட்டு, பிறகு தளத்தில் தட்டுங்கள். திறக்கும் பக்கத்தின் எண் ஏ001700-ஆக இருந்தால் எண்ணியது சரி.